மாவு என்று ஓர் ஊர்

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பெற்றோர் தங்களிடம் இருப்பதை நினைத்து வைப்பதில்லை; இனிமேல் வரவேண்டியதை நினைத்துத்தான் வைக்கிறார்கள். கஞ்சிக்குத் தாளம் போடும் வீட்டில்தான் குபேரன் பிறக்கிறான். விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீட்டில்தான் ஜோதி பிறக்கிறாள். ஊருக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் சர்க்காரும் இதே காரியத்தைச் செய்வது உண்டு என்பதை, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், கூரை போன வீடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன்.

அந்த ஊரின் பெயர் ஃபரீனா. லத்தீன் பாஷையில் அதற்கு 'மாவு' என்று அர்த்தம். 1878-ம் வருஷத்தில் தென் ஆஸ்திரேலியா சர்க்கார் அங்கே ஊர் அளந்து, மனை பிரித்து, இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த இடத்துக்குக் 'கவர்ன்மெண்ட் கம்ஸ்' என்று பெயர். ஓடைக் கரையில் நின்ற கம் மரங்களால் வந்த பெயர் அது. கம் மரம் நமக்கும் பழக்கமானதுதான்; அதன் உறவுக்கார மரம் ஒன்று நீலகிரிக்கு வந்து யூகலிப்டஸ் என்று குடியேறி, நம் வீடுகளில் ஜலதோஷத் தைலமாக இருந்து வருகிறது. மரம் இருந்தது, மரத்தின் பெயர் இருந்தது. ஆனால் மரத்தை நம்பி யார் மனை வாங்குவார்கள்? மாவு என்றால் வாங்குவார்கள். சுற்றிலும் கோதுமை விளையும், கோதுமை மாவாகும், மாவு ரயிலேறும், ரயில் பணம் கொண்டுவரும் என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் அடக்கி வைத்துவிட்டார்கள்.

சென்ற மே மாதக் கடைசியில் பள்ளிக்கூட விடுமுறையில் நான் அடிலெய்டு நகரத்தில் இருந்தேன். என் தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. நான் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதற்காக, மாப்பிள்ளை ஊரில் உள்ள பொருட்காட்சிச்சாலை ஒன்று விடாமல் எனக்குக் காட்டினார். நான்காம் நாள், "இன்னும் ஏதாவது பார்க்கவேண்டுமா?" என்று கேட்டார். "ஒரு சின்ன ஊர் பார்க்கவேண்டும், குடியானவர்கள் ஊராக இருந்தால் நல்லது" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் அங்கே குடியானவர்கள் இல்லை; ஊரும் பாதிதான் இருக்கிறது. பரவாயில்லையா?" என்றார். மறு நாள் விடியற்காலம் புறப்பட்டோம். பத்து வயது மருமகளும் கூட வந்தாள்.

அடிலெய்டிலிருந்து ஃபரீனா வடக்கே சுமார் 400 மைல். முதல் நூறு, நூற்றைம்பது மைல் வரையில் கண்ணுக்கு எட்டின மட்டும் உழுத நிலம். அது அங்கே விதைப்புக் காலம். அங்கங்கே ரோட்டோரத்தில் கோதுமைக் குதிர்கள், நம் ஊர்க் கோபுரங்கள் போல வெகு தூரத்திலிருந்தே தெரிகின்றன. பிறகு வேலிகள் குறைகின்றன, மரங்கள் குட்டையாகின்றன, மண் சிவக்கிறது. ஓரிடத்தில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, "இங்கேதான் எங்கேயோ கோடு போகிறது" என்றார்.

நான் இறங்கிப் பார்த்தேன். கோடு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் ஒற்றை வேரிலிருந்து பல கிளைகளாகக் கிளம்பும் மாலி என்ற புதர் மரம். மறு பக்கம் சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரமுள்ள உப்புச் செடி. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார். ஃபரீனாவின் கதை அவரிடமிருந்துதான் ஆரம்பமாகிறது.

அவர் பெயர் ஜார்ஜ் உட்ரோஃப் கோய்டர். 1861 முதல் 1894 வரையில் தென் ஆஸ்திரேலியாவின் ஸர்வேயர் ஜெனரலாக இருந்தவர். ஆள் குள்ளம், சுறுசுறுப்போ அபாரம். ஜனங்கள் அவருக்கு இட்டிருந்த பட்டப் பெயரே 'குட்டிச் சுறுசுறுப்பு' என்னும் பொருள்பட இருந்தது. அவருடைய உத்தியோக வாழ்வின் தொடக்கத்தில் ஒரு பெரிய அவமானம் நேர்ந்தது. 1857-ல் அவர் நில அளவைக்காக வடக்கே போனார். நல்ல மழை பெய்து முடிந்திருந்த சமயம். பாலைவனம் என்று எண்ணியிருந்த இடத்தில் பெரிய ஏரி, நல்ல தண்ணீர், கரையெல்லாம் பசுமை. பூரித்துப்போய் அப்படியே எழுதி அனுப்பினார். அடிலெய்டில் ஒரே உற்சாகம். சில மாதங்களுக்குப் பிறகு மேலதிகாரியான ஃப்ரீலிங் என்பவர் படகு சகிதமாக அந்த ஏரியைக் காணப் போனார். ஏரி இல்லை, சேறு இருந்தது. கோய்டர் கண்டவற்றில் ஒரு பகுதி மழைத் தண்ணீர்; மற்றொரு பகுதி கானல் நீர்.

இப்படி ஒரு முறை ஏமாந்தவன் ஒன்று, வாழ்நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவான். அல்லது, மறு முறை எவன் சொன்னாலும் நம்பாமல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பான். கோய்டர் இரண்டாவது ஜாதி. 1863-ல் ஆரம்பித்து மூன்று வருஷம் போல் மழை பொய்த்தது. ஆட்டுப் பண்ணைகள் அழிந்தன. மழை எதுவரையில் பெய்தது, எங்கே பெய்யவில்லை என்று பார்த்து வரும்படி 1865-ல் கோய்டரை அனுப்பினார்கள். அவர் குதிரைமேல் ஏறக்குறைய 2,000 மைல் சுற்றினார். மழைக் கணக்கு வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை. ஆகையால் அவர் செடிகளைக் கேட்டார். எங்கே மாலி முடிந்து உப்புச் செடி தொடங்குகிறதோ, அங்கெல்லாம் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்து மேற்குக் கடலிலிருந்து கிழக்கு எல்லை வரையில் ஒரு கோடு இழுத்தார். 'இதற்குத் தெற்கே பயிர் வைக்கலாம். வடக்கே வறட்சி நிச்சயம்' என்பது அதன் தாத்பரியம். பின்னால் மழைக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கோடு பயிருக்குப் போதிய மழை பெய்யும் எல்லையை ஒட்டியே போயிருப்பது தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ கோடுகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடக ரேகை, மகர ரேகை எல்லாம் சூரியனுடைய கோடுகள். நாட்டெல்லைகள் ராஜாக்களுடைய கோடுகள். அவற்றைப் பற்றி நாம் பேசாமல் இருப்பதே நல்லது. செடிகள் சொல்லி மனிதன் எழுதிக்கொண்ட கோடு எனக்குத் தெரிந்த வரையில் இது ஒன்றுதான்.

1872-ல் சர்க்கார் அந்தக் கோட்டுக்குத் தெற்கே மட்டும் குடியானவர்களுக்குக் கடனில் நிலம் விற்கலாம் என்று சட்டம் செய்தார்கள். புத்தியுள்ள சட்டம். ஆனால் அடுத்தடுத்து வருஷங்கள் நன்றாக மழை பெய்ய ஆரம்பித்தன. கோட்டுக்கு வடக்கேயும் புல் முளைத்தது. நிலம் கேட்டவர்கள் கோய்டரைப் பரிகசித்தார்கள். பத்திரிகைகள் எழுதின, சட்டசபையில் பேசினார்கள். போதாக்குறைக்கு, ஏர் போன இடத்துக்கு மழை தானே பின்தொடர்ந்து வரும் என்று ஒரு சித்தாந்தம் அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உலாவிக்கொண்டிருந்தது. மண்ணைக் கிளறினால் ஈரம் மேலே போகும், ஈரம் மேகமாகும் என்று அதற்குச் சாஸ்திர விளக்கமும் கொடுத்தார்கள். மழைக்கு ஏர் காத்திருக்கும் தேசத்தில் பிறந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சொந்த நிலம் வேண்டும் என்று கடல் கடந்து வந்து, தெற்கே நிலம் கிடைக்காமல் நிற்பவன் காதில் இது வேதவாக்காக விழுந்திருக்கும். 1874-ல் சட்டத்திலிருந்து கோட்டை அழித்துவிட்டார்கள்.

சட்டத்திலிருந்துதான், மண்ணிலிருந்து அல்ல.

அன்றிரவு குவார்ன் என்ற சிற்றூரில் தங்கினோம். மறு நாள் காலை அங்கிருந்து வடக்கே போகும் வழியெல்லாம் இடிந்த கல் வீடுகள். நாலு சுவரும் புகை போக்கியும் நிற்கும், கூரை இராது. அவற்றில் மிகப் பெரியது கன்யாகா என்ற ஆட்டுப் பண்ணை. இது கோதுமைக்காரர்களுக்கு முந்திய காலத்தது. பிரபு வம்சத்து இளைஞரான ஹ்யூ ப்ரோபி என்பவர் தொடங்கியது. 1852-ல் ப்ரோபி இறந்தார். எப்படி என்று நினைக்கிறீர்கள்? தாகத்தினால் அல்ல. இடி மழையில் மிரண்டு ஓடிய மாடுகளை மடக்கப் போய், வில்லோக்ரா ஓடையின் வெள்ளத்தில் அகப்பட்டு இறந்தார். மழை இல்லாத நாடு என்று சொல்லப்பட்ட இடத்தில் மனிதனை மழை கொன்றது. அந்தச் சீமையின் குணமே அதுதான். மழையே இல்லை என்றிருந்தால் ஒருவரும் ஏமாந்திருக்கமாட்டார்கள். வானம் இரண்டு வருஷம் வாரிக் கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் கையை மூடிக்கொள்கிறது.

வில்லோக்ராச் சமவெளியில் கோதுமை ஊர்கள் பல எழும்பின. அவற்றில் சிம்மன்ஸ்டன் என்று ஒன்று. ரயில் அந்த வழியாக வரும் என்று நம்பிக் கட்டினார்கள். ரயில் வேறு வழியாகப் போயிற்று. ஜனங்கள் குடியேறுவதற்கு முன்பே பாழான ஊர் அது. இப்படியும் ஒரு ஜாதகம்!

நடுப்பகலுக்கு ஃபரீனா போய்ச் சேர்ந்தோம். குளிர்காலமாகையால் வெயில் இதமாக இருந்தது. கோடையில் அங்கே நிற்க முடியாது என்றார்கள். சமவெளியின் நடுவே கல் சுவர்கள் தெரு தெருவாக நிற்கின்றன. தெருக்கள் மிகவும் அகலம். அகலமான தெருவைப் போலச் சோகமான பொருள் வேறொன்று இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. எத்தனை வண்டிகள் எதிரும் புதிருமாக வரும் என்று எண்ணி அவ்வளவு இடம் விட்டிருப்பார்கள்!

1882-ல் ரயில் வந்தது. கொஞ்ச காலம் ஃபரீனாவே கடைசி ஸ்டேஷன். ஆகையால் உள்நாட்டுக்குப் போகும் சாமான் எல்லாம் அங்கேதான் இறங்கும். உள்நாட்டுக் கம்பளி எல்லாம் அங்கேதான் ஏறும். நல்ல காலத்தில் சுமார் 600 பேர் இருந்தார்கள். இரண்டு ஹோட்டல்கள், கொல்லர்கள், பாங்கு, மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஹோட்டல் ஒன்றின் பெயர் 'டிரான்ஸ்காண்டினெண்டல்'. கண்டத்தையே கடப்பது என்று அர்த்தம். பெயர் வைப்பதில் அந்த ஊரார் எப்போதும் தாராளம்தான்.

கோதுமை? ஃபரீனாவில் வருஷத்துக்குச் சராசரி ஆறேழு அங்குலம் மழை பெய்கிறது. கோய்டருடைய கோட்டுக்கு அது போதாது. 1880 முதலே வடக்குப் பிரதேசங்களில் வறட்சி ஆரம்பித்துவிட்டது. தெற்கே சமவெளியில் கடனுக்கு நிலம் வாங்கியவர்கள் விதைத்த விதையைக்கூடத் திரும்ப எடுக்க முடியாமல் திண்டாடினார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பியது. வீட்டுக் கூரைத் தகரத்தையும் மரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வழியில் கண்ட வீடுகள் ஏன் மொட்டையாக நிற்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஃபரீனா கோதுமை ஊராக ஆகவே இல்லை. மாவு என்று பெயர் வைத்த ஊரில் மாவு ரயிலில் வந்து இறங்கியதே தவிர ஏறவில்லை.

அந்தக் குடியானவர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் முன்னால் மழை பெய்தது, புல் முளைத்தது, சர்க்காரே நிலத்தை அளந்து கடனுக்குக் கொடுத்தது. கையில் காசில்லாத மனிதன் இதற்கு மேல் என்ன சாட்சியம் கேட்பான்? தவறு செய்தவர்கள் அடிலெய்டில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஸர்வேயர் ஜெனரல் மாலிப் புதரிடம் கேட்டு வந்ததை அவர்கள் ஓட்டுக் கணக்கிட்டு அழித்தார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பிரதேசத்தில் பல்லாயிரம் வருஷமாக வாழ்ந்து வந்த ஆதி ஜனங்கள் இருந்தார்கள். தெற்கே மலைத் தொடரில் இருப்பவர்கள் தங்களை அட்ன்யமதன்ஹா, அதாவது மலை ஜனங்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். எந்தச் சுனை வற்றும், எது வற்றாது என்று அறிந்தவர்கள் அவர்கள். கோட்டைப் போட்டவர்களும் சரி, அழித்தவர்களும் சரி, அவர்களைக் கலந்து யோசித்தவர்களாகத் தெரியவில்லை. அந்த மலைப் பிரதேசத்தில் அவர்களுக்குப் பூர்வ பாத்தியதை உண்டு என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது 2009-ல்.

ஊருக்கு வெளியே மயானம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி கிறிஸ்தவர்களுடைய கல்லறைகளிலிருந்து விலகி, வேறு திசை நோக்கி இருக்கிறது. அவை மக்காவை நோக்கியவை. மருமகள் காரணம் கேட்டாள். காரணம் நம் தேசத்தில் தொடங்குகிறது.

குதிரையும் மாடும் தண்ணீரில்லாத அந்தப் பூமியில் பாரம் இழுக்க முடியாமல் விழுந்தன. 1866-ல் தாமஸ் எல்டர் என்ற பண்ணைக்காரர் கராச்சித் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை ஓட்ட முப்பது பேருக்கு மேல் ஆட்களையும் கப்பலில் வரவழைத்தார். பிறகு இன்னும் பலர் வந்தார்கள். பெஷாவர், பலுச்சிஸ்தானம், சிந்து, பஞ்சாப் என்று பல சீமைக்காரர்கள். பாஷையும் வேறு வேறு. வெள்ளைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து 'ஆப்கன்' என்றார்கள். பிறகு அதையும் சுருக்கிக் 'கான்' ஆக்கினார்கள். ரயில் நின்ற இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அரிசி, சர்க்கரை, இரும்பு, தபால், கம்பளி எல்லாவற்றையும் சுமந்து போனவர்கள் அவர்கள். ஃபரீனா கோதுமையால் பிழைக்கவில்லை. ரயிலாலும் இவர்களுடைய ஒட்டகங்களாலும்தான் பிழைத்தது.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1901-ல் ஆஸ்திரேலியா ஒரே தேசமாயிற்று. முதல் வருஷத்துச் சட்டங்களிலேயே ஒன்று, வெள்ளையரல்லாதார் குடிவருவதைத் தடுப்பதற்கு. 1903-ல் ஆசியாக்காரர்கள் பிரஜா உரிமை பெறுவதற்கும் கதவை அடைத்தார்கள். ஊர்களில் இவர்களுடைய குடிசைகள் தனியே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்தன. மோட்டார் லாரி வந்தபின் ஒட்டகம் அநாவசியமாயிற்று. 1925-ல் தென் ஆஸ்திரேலியாவில் உரிமைச் சீட்டில்லாத ஒட்டகங்களைச் சுட்டுத் தள்ளலாம் என்று சட்டம் வந்தது. தங்கள் கையால் வளர்த்த பிராணியைச் சுட மனமில்லாதவர்கள் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டார்கள். அவற்றின் சந்ததி இன்றும் உள்நாட்டில் காட்டு ஒட்டகங்களாகத் திரிகிறது. கண்டத்தைக் குறுக்கே கடக்கும் பிரசித்தமான ரயிலுக்குக் 'கான்' என்று பெயர். இவர்கள் ஞாபகமாக வந்த பெயர் என்கிறார்கள். மனிதர்களுக்குக் கொடுக்காததைப் பெயருக்குக் கொடுத்துவிடுவது சுலபம்.

ஃபரீனாவுக்கு அந்த ரயிலும் நிலைக்கவில்லை. 1884-லேயே தண்டவாளம் வடக்கே மாரி என்ற ஊருக்கு நீண்டது. கடைசி ஸ்டேஷன் என்ற பெருமை போயிற்று. வியாபாரமும் அதன் பின்னே போயிற்று. 1980-ல் 'கான்' ரயிலே இந்தப் பழைய பாதையை விட்டு மேற்கே புதுப் பாதைக்கு மாறிவிட்டது. அதற்கு முன்பே ஊர் காலியாகிவிட்டது.

காலியான ஊரில் நாங்கள் போன அன்று நாற்பது ஐம்பது வண்டிகள் நின்றன. வருஷத்தில் சில வாரம், குளிர்காலத்தில், ஃபரீனா உயிர் பெற்று எழுகிறது. பழைய கட்டிடங்கள் மேலும் விழாமல் காக்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தார் முயற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் கிழவிகள். கூண்டு வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். ஒருவர் கல் அடுக்குகிறார், ஒருவர் சுண்ணாம்பு குழைக்கிறார். கூலி கிடையாது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ரொட்டி விற்று!

ஊரில் தரைக்கு அடியில் குடைந்து கட்டிய பழைய ரொட்டி அடுப்பு ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அதைச் செப்பனிட்டு விறகு போட்டு எரித்து ரொட்டி சுடுகிறார்கள். படி இறங்கிப் போனால் முகத்தில் அனல், கூடவே வாசனை. அந்த வாசனையை எப்படி எழுதுவது? அதிகாலையில் பொங்கல் பானை பொங்கும் வீட்டைக் கடந்து போனால் கால் தானாக நிற்குமே, அந்த மாதிரி. வெளியே நீண்ட வரிசை. பாழ் ஊரின் நடுவே, சிவந்த புழுதியில், ஐம்பது பேர் ரொட்டிக்காக நின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் முறை வந்தது. கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுபது வயதுக்குக் குறையாதவள், புருவத்தில் மாவு. மருமகள் இரண்டு கையாலும் சூடான பன்னை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் கோட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தவளாகையால், "இந்த மாவு இங்கே விளைந்ததா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். "இல்லை, கண்ணே. தெற்கேயிருந்து வாங்கி வருகிறோம்" என்றாள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கமா?"

அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் வாத்தியாரா?" என்றாள். நான் ஆம் என்றேன். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் அதற்கு மேல் பேச அவகாசம் இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு போய், அங்கே வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மூன்று பேரும் ரொட்டியைத் தின்றோம். மருமகள் பன்னின் மேல் ஒட்டியிருந்த மாவைக் கீழே தட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.